இரண்டாம் குரலைத் தவறவிட்ட துள்ளிசை: இலத்தீன் தாளமும் இலங்கைத் தமிழ்ப் பொப் பாடலும்

இலங்கையில் தமிழ்ப் பொப் இசை என்றும் துள்ளிசை என்றும் வழங்கப்பட்ட பாடல்மரபு 1960களின் பிற்பகுதியில் தலைகாட்டி, 1970களில் வானொலியையும் மேடையையும் தன்வசப்படுத்தி, 1983ஆம் ஆண்டின் வன்செயல்களோடு நிலைகுலைந்து, பின்னர் புலம்பெயர்ந்தோரின் ஒன்றுகூடல்களில் நினைவுப் பொருளாக எஞ்சியது. இம்மரபைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் மகிழ்ச்சியைப் பாராட்டுவர், அல்லது அதன் இலேசான தன்மையைக் குறைகூறுவர். அது எதை எங்கிருந்து எடுத்தது, எதை எடுக்காமல் விட்டது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஸ்பானிய, போர்த்துக்கேய மொழிகள் வழங்கும் ஐபீரியத் தீபகற்பத்திலும் அம்மொழிகள் கடல்கடந்து சென்ற இலத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகளிலும் வளர்ந்த வெகுசன இசையை இலத்தீன் இசை என்று பொதுவாகக் குறிப்பிடுவதுண்டு. அந்த இசையிலிருந்து சிங்களப் பொப் பாடகர்கள் தாளத்தையும் குரலிணைவையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். தமிழ்ப் பாடகர்களோ தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தமிழ்ப் பொப் இசையின் வலிமையில் ஒரு பாதியும் அதன் வறுமையில் பெரும்பகுதியும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து விளங்கிக்கொள்ளத்தக்கவை. கடற்கரையும் யாழ்ப்பாணமும் அல்லாத ஓர் இடத்தில், குறிப்பாகச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் மாத்தளை மாவட்டத்தில் நின்று நோக்கும்போது, அந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

இலத்தீன் தாளம் இலங்கைக்குள் இரு வேறு காலங்களில், இரு வேறு வழிகளில் வந்தது. முதலாவது வழி 1505இல் வந்திறங்கி 1658வரை கரையோரப் பகுதிகளை ஆண்ட போர்த்துக்கேயரோடும், அவர்கள் அழைத்துவந்த ஆபிரிக்கரோடும் தொடங்குகிறது. அவர்களது வழித்தோன்றல்களான பறங்கியரும் காப்பிரிகளும் ஆடிப்பாடிய கப்ரிஞ்ஞா என்ற ஆட்டப்பாடலும் மஞ்ஞா என்ற பாடல்வகையும் மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் நெடுங்காலம் வழக்கிலிருந்தன. இவற்றின் கொடிவழியில், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், காவற்றுறையில் பணியாற்றிய வொலி பெஸ்ரியன் என்ற பாடகர் சிங்களச் சொற்களை அமைத்துப் பாடியதன் மூலம் பைலா என்ற வடிவம் நாடறிந்ததாயிற்று. பைலாவின் உயிர்நாடி ஆறெண்ணிக்கைத் தாளம். மும்மூன்று அடிகளாக இரு பகுதிகளாய்ப் பிரிந்து, 'தகிட தகிட' என்று கொன்னக்கோலில் சொல்லக்கூடிய விதத்தில் ஓடுவது. கருநாடக இசையார் திஸ்ர நடை என்று அழைக்கும் இந்த மூன்றன் கணக்கு தமிழ்க் காதுக்குப் புதியதன்று. கும்மியிலும் தெம்மாங்கின் பல வகைகளிலும் அது இயல்பாகவே உண்டு. பைலாவுக்குத் தமிழ்ச் சொல் போட்டவர்கள் அந்நியமான ஒன்றைக் கடினப்பட்டுக் கற்கவில்லை என்பதையும், தமிழ்க் கேட்போர் அதனை ஒரே நாளில் தம்முடையதாக ஏற்றுக்கொண்டதையும் இந்த உறவு கொண்டே விளக்கலாம்.

இரண்டாவது வழி மிகவும் அண்மையது. 1944இல் நியூயோர்க்கில் இரு மெக்சிக்கரும் ஒரு போர்ட்டோ ரிக்கரும் சேர்ந்து அமைத்த லொஸ் பாஞ்சோஸ் என்ற மூவர் குழு, கிட்டார்களை மட்டும் துணையாகக் கொண்டு மூன்று குரல்களை ஒன்றோடொன்று இணைத்துப் பாடும் ஒரு பாணியை உலகெங்கும் பரப்பியது. பராகுவே நாட்டின் யாழிசையை முன்னிறுத்திய லொஸ் பராகுவாயோஸ் குழுவின் இசைத்தட்டுகளும் அதே தடத்தில் சென்றன. இவற்றோடு 1956இல் ஹரி பெலபொன்டே வெளியிட்ட கலிப்சோ இசைத்தட்டும் சேர்ந்துகொண்டது. கலிப்சோ திரினிடாட் தீவில் ஆங்கிலம் பேசிய கறுப்பின மக்களின் பாடல்வகையாதலால் அதனை இலத்தீன் இசை என்று கண்டிப்பாகச் சொல்ல முடியாது. ஆயினும் கொழும்பில் கிட்டார் வாங்கிய இளைஞர்களுக்கு அந்த வேறுபாடு பொருட்டாக இருக்கவில்லை. நெவில் பெர்னாண்டோவின் லொஸ் காபலேரோஸ், நொயெல் ரணசிங்கவின் லா சிலோனியன்ஸ், இன்னும் லொஸ் முச்சாச்சோஸ், லொஸ் பிளமென்கோஸ், லா பாம்பாஸ் என்று ஸ்பானியப் பெயர் சூடிய குழுக்கள் வரிசையாகத் தோன்றின. ஸ்பானிய மொழியில் ஒரு சொற்றொடரேனும் பேசியறியாத இளைஞர்கள் தென்னமெரிக்க மாட்டிடையர்போல் உடுத்துச் சிங்களத்தில் பாடிய அந்தக் காட்சியில் நகைப்புக்கு இடமுண்டு. எனினும் அவர்கள் பாடியதைக் கவனித்துக் கேட்டால் நகைப்பு நின்றுவிடும்.

அவர்கள் கற்றுக்கொண்டது குரலிணைவு. ஒருவர் மெட்டைப் பாடும்போது மற்றவர் அதே சுரத்தைப் பாடாமல், அதற்கு மேலோ கீழோ மூன்றாவதாக நிற்கும் சுரத்தைப் பற்றிக்கொண்டு, சட்சத்துக்குக் காந்தாரமும் ரிடபத்துக்கு மத்திமமும் என்று கூடவே நகர்வது இம்முறை. இது மேலோட்டமான அலங்காரமன்று. மெட்டின் உள்ளே மறைந்திருக்கும் இணக்கங்களை வெளியே கொண்டுவந்து, எளிய நான்கடிப் பாடலுக்கும் ஓர் ஆழத்தைத் தருவது. ஒற்றை மெட்டை முழுமுதலாகக் கொண்ட இந்திய இசைமரபுகளில் இருவர் சேர்ந்து பாடினாலும் இருவரும் ஒரே சுரத்தையே பாடுவார்கள், அல்லது ஒருவர் பாடி நிறுத்த மற்றவர் தொடர்வார். நாகசுர இணைகளும் கருநாடக இசைச் சகோதரர்களும் அடைந்த உயரங்கள் அந்த முறையின் உயரங்கள். ஆகவே இலத்தீன் குழுக்களிடமிருந்து சிங்களப் பாடகர்கள் பெற்றது உண்மையிலேயே புதிய ஒரு கருவி. அதனை அவர்கள் விளையாட்டாகத் தொடங்கி, தேர்ச்சியோடு கையாளத் தலைப்பட்டார்கள்.

இத்தேர்ச்சியின் உச்சமாகக் கொள்ளத்தக்கது கிளாரன்ஸ் விஜேவர்தன, அனெஸ்லி மாலேவன என்ற இருவரின் கூட்டு. 1943இல் பிறந்து 1996இல் மறைந்த கிளாரன்ஸ், 1960களின் நடுப்பகுதியில் மூன்ஸ்டோன்ஸ் குழுவிலும், பின்னர் சுப்பர் கோல்டன் சைம்ஸ் குழுவிலும் அனெஸ்லியோடு சேர்ந்து பாடினார்; சிங்களப் பாடலுக்கு மின்கிட்டாரைக் கொண்டுவந்தவர் என்ற பெயரும் அவருக்குண்டு. பாடல்களைக் கட்டியவர் ஒருவர், அவற்றுக்கு மென்மையான குரலை வழங்கியவர் மற்றவர் என்று இக்கூட்டை எளிதாகப் பிரித்துவிடலாமெனினும், அது முழு உண்மையாகாது. அக்குழுக்களின் பதிவுகளில் தனிக்குரல் நிற்கும் இடத்திலும் பின்னே இணைக்குரல் காத்திருப்பதைக் கேட்போர் உணர்வர். தோட்டத்து மனிதர்கள், அயல்வீட்டு மாமி, கிராமத்துச் சிறுவன் என்று அன்றாடப் பாத்திரங்களை அவர்கள் பாடல்களில் கொண்டுவந்தபோதும் அப்பாத்திரங்கள் கேலிப்பொருள்களாகத் தாழ்ந்துவிடவில்லை. மூன்று சகோதரிகள் என்ற பெயரில் பாடிய இந்திராணி பெரேரா முதலிய பெண்களும் அதே காலத்தில் அதே இசைக்குள் இடம்பெற்றிருந்தார்கள் என்பதையும் இங்கே குறித்துவைக்க வேண்டும்.

தமிழ்ப் பொப் இசையின் தோற்றம் வேறு வகையானது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் விவசாயம் பயின்ற நாட்களில் மாணவர் ஒன்றுகூடல்களுக்காகப் பாடத் தொடங்கியவர். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' ஆகிய பாடல்கள் அவரை நாடறியச் செய்தன. பொப் இசைச் சக்கரவர்த்தி என்று அழைக்கப்பட்ட ஏ.ஈ. மனோகரன் மேடையில் ஆட்டமும் பாட்டும் பிரியாத ஒரு கலைஞராக உருவாகி, பின்னர் தமிழ்நாட்டுத் திரைப்படங்களில் நடிகராகவும் சிலோன் மனோகர் என்ற பெயரில் அறியப்பட்டு, 2018 சனவரியில் சென்னையில் மறைந்தார். எஸ். இராமச்சந்திரன், இமானுவேல், அமுதன் அண்ணாமலை, ஸ்ரனி சிவானந்தன் ஆகியோரும் இம்மரபின் குரல்கள். திருகோணமலையைச் சேர்ந்த பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் இரட்டைப் பெயரோடு குழு நடத்தியவர்கள். ஆனால் அவர்களிடமிருந்தும் பெரிதும் நினைவில் நிற்பது பரமேஷின் தனிக்குரலில் ஒலித்த 'உனக்குத் தெரியுமா' என்ற பாடலே. இரட்டையர் என்ற அமைப்பு இருந்தும் இரட்டைக்குரல் என்ற இசைமுறை வேரூன்றவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இம்மரபின் நன்மைகளில் முதலிடம் பெறுவது மொழி. அன்றுவரை இலங்கைத் தமிழர் பாடிய வெகுசனப் பாடல் ஏறக்குறைய முழுவதும் தென்னிந்தியத் திரைப்பாடலாகவோ அதன் சாயலில் அமைந்த மெல்லிசையாகவோ இருந்தது. அதன் மொழியில் நிலவும் தென்றலும் தவறாது வரும், ஆனால் இலங்கையின் ஒரு தெருவோ உறவுமுறையோ எட்டிப்பார்க்காது. பொப் பாடகர்கள் பேச்சுத்தமிழை அதன் உறவுச்சொற்களோடும் வைதல் வாழ்த்துகளோடும் ஒலிவாங்கிக்கு முன் கொண்டுவந்தார்கள். மாமியும் மருமகனும் கள்ளுக்கடையும் பட்டணத்துப் பேருந்தும் பாடலுக்குரிய பொருள்களாயின. 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசு தென்னிந்திய வெகுசன இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்து, உள்நாட்டு ஆக்கங்களுக்குச் சாதகமான ஒரு சூழலை உருவாக்கியிருந்த காலம் அது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் வர்த்தக சேவையும் இப்பாடல்களுக்கு இடமளித்தது. ஆயினும் அரசியற் சூழலும் வானொலியும் மட்டும் ஒரு பாடலை மக்கள் வாயில் ஏற்றிவிட முடியாது. எதுகைக்காகவும் இலக்கணத்துக்காகவும் காத்திராமல் ஓர் இளைஞன் நண்பர்களிடம் பேசுவதுபோலவே பாடியதுதான் இவற்றின் வெற்றிக்கு உண்மைக் காரணம்.

'சுராங்கனி' இம்மரபின் மிகப் பரந்த வெற்றி; அதன் மிகப் பெரிய சுமையும் அதுவே. மீன் கொண்டுவந்திருப்பதாக ஒரு பெண்ணை விளித்துச் சிங்களமும் தமிழும் கலந்து பாடும் அந்த எளிய பைலாவை மனோகரன் 1970களில் கடல் கடத்தினார். 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தில் இளையராஜா அதனைப் பயன்படுத்தியபின் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அது ஒலித்தது. சிங்களம் மட்டும் அரசகருமமொழி என்ற 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, இரு மொழியும் ஒரே அடியில் அக்கம்பக்கமாக நின்ற பாடல் ஒன்று கிடைத்தது என்பதை எவ்வகையிலும் சிறிதாக மதிப்பிட இயலாது. ஆயினும் அந்த இருமொழிமை மீன் என்ற எல்லையைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு மனோகரன் எதைப் பாடினாலும் அவையோர் 'சுராங்கனி'யையே கேட்டார்கள்.

இந்த நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயினின் செவில் நகருக்கு அருகிலுள்ள தோஸ் எர்மானாஸ் என்ற ஊரைச் சேர்ந்த அந்தோனியோ ரொமேரோவும் ரபாயெல் ருயீசும் 1962இல் லொஸ் தெல் ரியோ என்ற இரட்டையராகப் பாடத் தொடங்கி, சுமார் முப்பது ஆண்டுகள் தம் ஊரின் சேவில்லானா முதலிய ஆட்டப்பாடல்களைப் பாடிவந்தார்கள். 1993இல் வெளியான அவர்களது 'மக்கரேனா', அமெரிக்காவின் பேசைட் போய்ஸ் குழு ஆங்கில அடிகளைச் சேர்த்து மாற்றியமைத்தபின், 1996இல் பில்போர்ட் பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. உலகம் ஆடிய வடிவத்தில் அவர்களது பழைய கைதட்டுத் தாளமும் அந்தலூசிய முரட்டுக் குரலிணைவும் பின்னணிக்குத் தள்ளப்பட்டிருந்தன. படைவீரனாகச் சேர்க்கப்பட்ட காதலனுக்குத் துரோகம் செய்யும் பெண்ணைப் பற்றிய பாடல் அது என்பது ஆடியவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. முப்பதாண்டு உழைப்பு ஒரே பாட்டுக்குள் சுருங்கிவிட்டது என்ற வகையில் அவ்விருவரும் மனோகரனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வேறுபாடும் உண்டு. அவ்விருவரின் பின்னே அவர்கள் ஊரின் நிறைந்த ஒரு மரபு இருந்தது. 'மக்கரேனா' அடங்கியபின் அவர்கள் திரும்பிச் செல்ல அது காத்திருந்தது. மனோகரனுக்கு அத்தகைய பின்புலம் மேடைக்கு வெளியே இருக்கவில்லை.

அவ்வாறான பின்புலம் தமிழ்ப் பொப் இசைக்கு எங்கே கிடைத்திருக்கும் என்று தேடுபவர்களின் கண்ணில் முதலில் படவேண்டிய இடங்களில் ஒன்று மாத்தளை. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆள்கட்டி அழைத்துவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து நடந்துவந்து சேர்ந்த மலைநாட்டின் வாசல் அது. வழியில் மடிந்தவர்கள் பல்லாயிரவர். கண்டியிலிருந்து புகையிரதப் பாதை 1880இல் மாத்தளையை எட்டியது. கோப்பி அழிந்தபின் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் மிளகும் சாதிக்காயும் அம்மலைச் சரிவுகளை நிறைத்தன. இரத்தோட்டை, உக்குவளைப் பகுதித் தோட்டங்களில் தப்பும் உறுமியும் காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கூத்தும் தொடர்ந்தன. மாசி மகத்தன்று முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்கள் நகர வீதிகளில் வலம்வந்தன. மாவட்டத்தின் குடித்தொகையில் ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர். எஞ்சியோரில் முஸ்லிம்களும் தமிழரும் அடங்குவர். போர்த்துக்கேயர் இங்கு நிலைகொண்டு ஆட்சிபுரியவில்லை, கப்ரிஞ்ஞா ஆடிய பறங்கிக் குடியிருப்பும் இங்கில்லை. எனவே பைலா மாத்தளைக்கு வந்தது வானொலியாலும் பேருந்துகளாலும் திருமண மண்டபங்களாலும்தான். வந்தபின் மூன்று சமூகத்தவரும் அதனை ஆடினார்கள்.

பைலாவின் பழைய வகைகளுள் வாத பைலா என்று ஒன்றுண்டு. இரு பாடகர்கள் மேடையில் எதிரெதிரே நின்று, கொடுக்கப்பட்ட பொருளில் அந்தந்த நேரத்திலேயே அடிகளைக் கட்டி ஒருவரையொருவர் மடக்குவது அதன் இயல்பு. காமன் விழாவோடு தமிழ்நாட்டிலிருந்து வந்த லாவணியின் அமைப்பும் ஏறத்தாழ இதுவே. சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மற்றொரு கட்சியும் பாடி வாதிடும் எரிந்த கட்சி எரியாத கட்சி என்ற பிரிவு தமிழ் வாசகர் பலர் அறிந்தது. மலைச்சரிவில் ஒரு வாதப் பாடலும் அடிவாரச் சிங்கள நகரில் மற்றொரு வாதப் பாடலுமாக, ஒன்றோடொன்று பேசாமல், ஒரே மாவட்டத்தில் இரண்டு இரட்டைக்குரல் மரபுகள் வாழ்ந்தன. தமிழ்ப் பொப் இசை இவ்விரண்டுக்கும் பாலமாகியிருக்கலாம்; அதற்கு வேண்டிய ஆறெண்ணிக்கைத் தாளம் அதன் கையிலேயே இருந்தது. தப்பின் அடிக்கும் பைலாவின் கொங்கா முழவடிக்கும் இடையே தூரம் மிகக் குறைவு என்பதை இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் எவரும் ஒப்புக்கொள்வர். ஆனால் அப்பாடகர்களில் பெரும்பாலோர் வடக்கு கிழக்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த படித்த நடுத்தர வர்க்க இளைஞர்கள். தோட்டத்தின் தப்பு சாதியோடும் சாவோடும் சேர்த்து எண்ணப்பட்ட கருவி. கடல்கடந்த கறுப்பின மக்களின் தாளத்தைக் கொண்டாடியவர்களுக்கு அண்டை மலையின் தப்பு கேட்காமற்போனது இம்மரபின் மீது வைக்கத்தக்க கடுமையான குற்றச்சாட்டு.

இதைவிடக் கனமானது பொருளில் நேர்ந்த மௌனம். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்த மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் 1964இல் உடன்பட்டார்கள். அதன்படி குடும்பம் குடும்பமாக மலையிலிருந்து புகையிரதமேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் போய்ச் சேர்ந்த ஆண்டுகளும் தமிழ்ப் பொப் இசையின் பொற்காலம் எனப்படும் ஆண்டுகளும் ஒன்றே. மீன், கள், மாமி, பெண்பார்த்தல் ஆகியவற்றைப் பாடிய பரவலாக அறியப்பட்ட பாடல்களில் இந்தப் பெரும்பிரிவின் தடத்தைக் காண்பது மிகவும் அரிது. ஆடற்பாடலிடம் அழுகையை எதிர்பார்ப்பது முறையா என்று கேட்கலாம். முறைதான் என்பதற்குக் கலிப்சோவே சாட்சி. திரினிடாட்டின் கலிப்சோ பாடகர்கள் விலைவாசியையும் ஆளுநரையும் வேலைநிறுத்தத்தையும் ஆடலுக்குரிய தாளத்திலேயே வைத்து வெளுத்துவாங்கினார்கள். தோட்டத்து மக்களும் கங்காணியையும் துரையையும் நையாண்டி செய்து பாடிய பாடல்களை ஏராளமாக வைத்திருந்தார்கள், சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்திருக்கிறார். மாத்தளையின் எழுத்தாளர்களான சோமு, வடிவேலன், மலரன்பன் ஆகிய மூவரும் கூட்டாக வெளியிட்ட 'தோட்டக் காட்டினிலே' சிறுகதைத் தொகுதி அந்த வாழ்வை எழுத்தில் நிறுத்தியது. மாத்தளை கார்த்திகேசுவின் முயற்சியில் 'அவள் ஒரு ஜீவநதி' என்ற திரைப்படம் 1980இல் திரைக்கு வந்தது. சிறுகதைக்கும் திரைக்கும் கைகூடிய துணிவு பொப் பாடலுக்குக் கைகூடவில்லை.

பெண்குரல் இல்லாமை இதனோடு ஒட்டிய மற்றொரு குறை. இப்பாடல்களில் பெண் எப்போதும் விளிக்கப்படுகிறாள், கேலி செய்யப்படுகிறாள், மீன் வாங்கிக்கொள்கிறாள், பதில் சொல்வதில்லை. பதில் சொல்லும் இடத்திலும் அவளுக்காக ஆண் பாடகரே பேசிவிடுகிறார். 'சின்ன மாமியே' இதற்குச் சுவையான எடுத்துக்காட்டு: மருமகன் முறையுள்ள இளைஞன் மாமியிடம் மகளைப் பற்றி விசாரிப்பதும் அதற்கு மாமி ஏசுவதுமாக, இயல்பிலேயே இரு பாத்திரங்களுக்கென அமைந்த உரையாடல் அப்பாடல். இலங்கைத் தமிழ்ப் பொப் பாடல்களில் மிகச் சிறந்த நாடகப்பண்பு அதற்குண்டு. அதனை நித்தி கனகரத்தினத்தின் ஒற்றைக்குரல் நடிப்புத் திறத்தோடு தாங்கிச் செல்கிறது என்பது உண்மை. ஆயினும் மெட்டே இரண்டாகப் பிரியக் காத்திருக்கும் அந்த இடத்தில் இணைக்குரல் வராமல் கைதட்டல் மட்டும் வருகிறது. உப்பில்லாமல் இறக்கிய நல்ல மீன்குழம்பை அது நினைவூட்டுகிறது.

இவ்வளவு குறைகளையும் பாடகர்களின் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகாது. குரலிணைவு என்பது தனியாளின் திறமையால் கைவருவதன்று. ஒரே ஆட்கள் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஒத்திகை பார்க்க வேண்டும், அதற்கு உல்லாச விடுதிகளின் நிரந்தர மேடையோ இசைத்தட்டு நிறுவனத்தின் முதலீடோ வேண்டும். சிங்களக் குழுக்களுக்குக் கொழும்பிலும் தென்மேற்குக் கரையிலும் அத்தகைய மேடைகள் கிடைத்தன. கத்தோலிக்கத் தேவாலயங்களில் பல குரலாகப் பாடிப் பழகிய இளைஞர்களும் அக்குழுக்களுக்குக் குறைவின்றிக் கிடைத்தார்கள். தமிழ்ப் பாடகர்களில் பலர் அரச உத்தியோகத்திலும் கல்வியிலும் இருந்துகொண்டு வார இறுதியில் பாடியவர்கள். அவர்களுக்குப் பின்னணி வாசித்தவர்களில் சிங்கள, பறங்கி, மலாய் இசைக்கலைஞர்களும் இருந்தார்கள். அந்தக் கலப்பு இம்மரபின் மறைவான சிறப்புகளில் ஒன்று. அதனைத் துண்டித்தது அரசியல். 1977இல் ஒருமுறையும் 1983 யூலையில் மிகக் கொடூரமாகவும் தமிழர்மீது வன்செயல் கட்டவிழ்க்கப்பட்டபோது, மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் எரியூட்டப்பட்டது. நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிலும் மற்றும் பலர் ஐரோப்பாவிலும் வாழ நேர்ந்தது. வளர்ந்து முதிர வேண்டிய ஆண்டுகளில் இம்மரபுக்குப் பாடகரும் இல்லை, பின்னணிக் கலைஞரும் இல்லை, கேட்போரும் ஓரிடத்தில் இல்லை.

அதன்பின் இலங்கையில் இரட்டையர் வடிவம் முழுவதும் சிங்களப் பாடலின் உடைமையாகவே தொடர்ந்தது. 1998இல் பாத்திய ஜயக்கொடியும் சந்தூஷ் வீரமனும் தொடங்கிய கூட்டு, அமெரிக்க ஆர் அன்ட் பி பாணியையும் ரப் பேச்சிசையையும் சிங்கள மெட்டோடு சேர்த்து, புத்தாயிரத்தின் இளைஞர்களுக்கு உரிய ஒலியைக் கண்டது; 2021இல் யொஹானியும் சதீஷன் ரத்நாயக்கவும் பாடிய 'மெணிகே மகே ஹிதே' இந்தியாவெங்கும் பரவியபோது, தமிழ்நாட்டு இளைஞர்கள் சொல் விளங்காமலே சிங்களத்தில் பாடினார்கள். 'சுராங்கனி' சென்ற பாதையில் மற்றொன்று சென்றது. இம்முறை தமிழ் ஒரு சொல்லளவிலும் அதில் இல்லை. வெளியுலகப் பொப் இசைக்கு இலங்கை வெறும் காட்சிப்புலமாக உதவிய சந்தர்ப்பங்களும் உண்டு. மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாக் குன்றின்மீது இங்கிலாந்தின் டுரன் டுரன் குழு 1982இல் தமது 'சேவ் எ பிரேயர்' பாடலுக்காகப் படம் பிடித்துச் சென்றது. குன்று உலகறிந்தது, அடிவாரத்தின் பாடல் எதுவும் கூடச் செல்லவில்லை.

தமிழ்ப் பொப் இசையை இனி மதிப்பிடுவோர் 'சுராங்கனி'யை அளவுகோலாக வைக்கும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. பேச்சுமொழியின் கூர்மையாலும் நாடகப்பண்பாலும் 'சின்ன மாமியே' அதைவிடப் பல படி உயர்ந்த பாடல்; மனோகரனின் புகழ் பெரிதாயினும் ஆக்கத்திறனில் முதலிடம் நித்தி கனகரத்தினத்துக்கே உரியது. சிதறிக்கிடக்கும் இசைத்தட்டுகளையும் கசெட்டுகளையும் ஒழுங்காகப் பட்டியலிடும் பணியைத் தமிழ் இசைத்துறையினர் ஏற்க வேண்டும். மாத்தளையிலிருந்து ஒரு மணிநேரப் பயணத்தூரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறையும் சிங்களத்துறையும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. வாத பைலா பாடியவர்களும் காமன் கூத்துக்குப் பாடியவர்களும் இம்மாவட்டத்தில் முதுமையடைந்துவருகிறார்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே இரு துறைகளும் சேர்ந்து அவர்களை ஒரே மேடையில் எதிரெதிரே அமரவைத்துப் பாடச்செய்து ஒலிப்பதிவு செய்ய முன்வர வேண்டும்.